அவன் பேரில் சேர்ந்த பி.எஃப். பணம்

தூத்துக்குடியில் ஆறு சங்குக் காலங்கள் நான் இன்னொருவன் பெயரில் வேலை பார்த்தேன். அவன் சங்கு குளிக்கிறவன். வருஷத்தில் நான்கு மாதம் கடலில் மூழ்குவான். மீதி எட்டு மாதம் துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்குவான். நான்கு மாதம் வராவிட்டால் கிட்டங்கியில் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் அவன் கடலுக்குப் போனதும் அவனுடைய டோக்கனை நான் எடுத்துக்கொள்வேன். மேஸ்திரிக்குத் தெரியும். அவருக்கு மூட்டை ஏறினால் போதும். கூலி எனக்கு. பி.எஃப். பிடித்தம் மட்டும் அவன் கணக்கில் சேர்ந்தது. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சங்குக் காலம் முடிந்தால் ஊரைவிட்டுப் போய்விடுகிறவனுக்குச் சேமிப்பு எதற்கு?

முதல் வருஷமே ஒரு தப்புச் செய்தேன். பி.எஃப். பாரம் வந்தபோது அவன் கடலில் இருந்தான். கைநாட்டு வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆறாம் வகுப்புவரை படித்த திமிரில் அவன் பெயரை வளைத்து வளைத்துக் கையெழுத்தாகப் போட்டேன். அவனுக்கு எழுதவே தெரியாது.

ஆறாவது வருஷம் முத்தையாபுரத்தில் இரண்டரை சென்ட் மனை அவனுக்கு விலைக்கு வந்தது. தொள்ளாயிரம் ரூபாய். மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மனைக்காரர் சொல்லிவிட்டார். பி.எஃப். முன்பணம் கேட்டால் சரியாக அந்தத் தொகை கிடைக்கும். பாரம் வாங்கப் போனவன் முகம் வெளிறித் திரும்பினான்.

"கிளார்க்கு கையெழுத்துப் போடுன்னுட்டாரு. தெரியாதுன்னேன். 'அஞ்சு வருசத்துக்கு முந்தி தெரிஞ்சது இப்ப மறந்துட்டோ?'ங்காரு."

"நீ என்ன சொன்ன?"

"கையில சுளுக்குன்னுட்டு வந்துட்டேன்."

பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பணத்தைக் கேஷியர் முன்னால் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். கேஷியர் தலைமை ஆபீஸிலிருந்து வருகிறவர். அவனையும் தெரியாது, என்னையும் தெரியாது. நான்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரே பெயரில் இரண்டு பேர் அங்கே நிற்க முடியாது. அவன் அன்று கடலுக்குப் போய்விட வேண்டும்.

அவன் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. நான் முற்றத்தில் இருக்கும்போதே சொன்னாள்.

"இவரு ஒரு ஊர்ல ஒரு வருசம் இருந்தவரா? பணத்த வாங்கிட்டு அப்படியே பஸ் ஏறிட்டா என்ன செய்வீக?"

"ஏறினா ஏறுதான். இப்ப மட்டும் பணம் நம்ம கையிலயா இருக்கு?" என்றான் அவன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் இடத்தில் நானும் கேட்டிருப்பேன். பணம் கொடுக்கிற நாளில் கிட்டங்கி வாசலில் மீன் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். கூடையில் மீன் இல்லை. தொள்ளாயிரத்தையும் அந்தக் கூடையிலேயே போட்டேன். மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் தலை ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, இதுல ஒம் பங்கு இருக்குல்லா? வருசத்துக்கு நாலு மாசம் நீதான மூட்ட தூக்குன. மூணுல ஒண்ணு. முந்நூறு."

அவள் சட்டென்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். முந்நூறை எடுத்தால் மனை இல்லை. எனக்கும் அது தெரிந்தது.

"எனக்கு எதுக்குலே? விடு," என்றேன்.

"நீ விடுவ. நான் ஒன் வேர்வையில வீடு கட்டிக் குடியிருக்கணுமோ?"

உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "மனைய முடிங்க. அண்ணனுக்கு மாசம் பதினஞ்சு நான் மீன் வித்துக் குடுக்கேன்."

மனை முடிந்தது. அந்தச் சங்குக் காலம் முடிந்ததும் நான் கொச்சிக்குப் போனேன், அங்கிருந்து மங்களூருக்கு. போகிற இடத்து விலாசத்தை ஒரு கார்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தாள்; போட்டேன். மணியார்டர் வந்தது. சில மாதம் பதினைந்து, மீன் படாத மாதம் ஐந்து. நான் இடம் மாறியதில் இரண்டு மணியார்டர் திரும்பிப் போயின. பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரையோ எழுதவைத்து ஒரு கார்டு அனுப்பியிருந்தாள்.

"சுவர் ஜன்னல் உயரம் வந்திருக்கு. உங்களுக்கு இன்னும் நாற்பத்தைந்து ரூபாய் இருக்கு. அது தீருகிறவரைக்குமாவது ஒரே ஊரில் இருங்கள் அண்ணே."

மங்களூரில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் இருந்தேன்.