பால்காரர் சொன்ன பாலத்து ரகசியம்

இன்று காலை சிராங்கூன் ரோட்டில் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்திக் கறந்துகொண்டே பால்காரர் மாரிமுத்து ஒரு ரகசியம் சொன்னார்.

"ஆத்துல புதுப் பாலம் கட்டுறாங்கல்ல? தூண் நிக்கணும்னா மனுசத் தலை வேணுமாம். வெள்ளக்காரன் ஆள் வச்சுப் பிடிக்கிறான். பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் தனியா நடக்காதீங்க."

"இதுவரைக்கும் யாரு காணாமப் போனாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. அதான் பயமா இருக்கு. அவ்வளவு சுத்தமா மறைக்கிறான்!"

சிரித்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தினமும் செம்பைக் கவுத்துக் காட்டிட்டு, உங்க கண்ணு முன்னாடிதான் கறக்குறேன். அப்பவும் தண்ணி கலக்குறேன்னுதானே சொல்றீங்க?"

கையில் ஏதோ வித்தை வைத்திருக்கிறார் என்பது என் நெடுநாள் முடிவு.

மாலையில் ஆற்றோரக் கிடங்கில் வேலை முடிந்து வெளியே வந்தால், மாடு ஓட்டும் கம்போடு மாரிமுத்து நிற்கிறார்.

"நீங்க சொன்னாக் கேக்க மாட்டீங்க. அதான் வந்தேன்."

வீடுவரை கூடவே நடந்து வந்தார். வழியெல்லாம் என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

என் தலை பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டது. மனிதர் தங்கம். ஆனாலும் அந்தப் பாலில் தண்ணீர் இருக்கிறது. எப்படிக் கலக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.