இரும்புக் கூண்டும் இடது காதும்

குடிபாலா தாண்டி ரோட்டோரத்தில் அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன் லாரியில் நான். பின் லாரியில் வேலூர்க்காரர் ஒருவர், என்னைவிட இளையவர், வாய் அதிகம். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். ஜீப்பில் வந்த சேப்டி மேடம். கொஞ்ச நேரம் கழித்து கிரேனோடு வந்து சேர்ந்த காண்ட்ராக்ட் சூப்பர்வைசர். அவ்வளவுதான். திருப்பதியில், அலிபிரி போகும் ரோட்டில், என் தங்கச்சி வீட்டில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று என் மடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது அங்கே இல்லை. ஆனால் அன்று முழுக்க என் தலையில் இருந்தது அதுதான்.

சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்று எழுத மாட்டேன். எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அணு உலைக்கான எரிபொருள், அது போதும். ஒவ்வொரு பீப்பாயையும் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டு. பீப்பாய் இடுப்பு உயரம். உள்ளே இருக்கும் சரக்கோ முழங்கை நீளம் என்றார்கள், பருமனும் கையளவுதான். மற்றதெல்லாம் அடைப்பு. அதற்கு மேல் கூண்டு. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் காலி இடம். பெரிய லாரியில் பாதிக்குமேல் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போனோம். மாங்கூழும் தக்காளியும் ஏற்றிப் பழகியவனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். காலி இடம் வைத்து ஓட்டுகிற டிரைவரைப் பார்த்தால் மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

தங்கச்சி குழந்தைக்கு அன்று காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன். நைனா செத்த பிறகு வீட்டு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. மூன்று வருஷம் கழித்து அவளே போன் செய்து, "ண்ணா, மடி நீதான் குடுக்கணும்" என்றாள். நேரம் மத்தியானத்துக்கு முன்னால். நான் காலையில் சித்தூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினால் போதும். மாற்று டிரைவர் அங்கே தயாராக இருந்தார். எல்லாம் சரியாகத்தான் திட்டம் போட்டிருந்தோம்.

குடிபாலா தாண்டியதும் பின்சக்கரத்தில் புகை. பேரிங் போய்விட்டது. வேலூர்க்காரர் பின்னால் நிறுத்திவிட்டு, வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனுஷன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஜீப்பிலிருந்து மேடம் கத்திய கத்தலில் போலீஸ்காரர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

"வத்து, வேணாம்! தண்ணி வத்து! சிலிண்டர் எடு, பவுடர் அடி!"

"இன்னா மேடம், தண்ணிதானே? ஆசிட் மாரி கத்தறீங்க."

"தண்ணி உள்ள பூந்தா சரக்குக்கு வேகம் வரும். பொட்டிக்குள்ள பூராது, அதுக்குத்தான் பொட்டி. இருந்தாலும் நான் ஊத்த விடமாட்டேன்."

பவுடர் அடித்தோம். புகை நின்றது. வண்டி நகராது என்பது தெரிந்துவிட்டது. மேடம் முதலில் செய்த வேலை, வேலூர்க்காரரின் லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னது. இன்னும் பின்னுக்கு. இன்னும். புளியமரம் தாண்டிப் போகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு யாரும் கிட்டே வராதபடி என் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

லாரிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் வண்டி படுத்துவிட்டால் பின்னால் வருகிறவன் சரக்கை வாங்கிக்கொள்வான். கேட்கவே வேண்டாம். பின் லாரியில் காலி இடம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கிரேனும் வந்துவிட்டது. அரை மணி வேலை. சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "மாத்தி ஏத்திடலாம் மேடம், சாயந்தரத்துக்குள்ள போய்ச் சேந்துடும்" என்றார். மேடம் போய்ப் பின் லாரியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சின்ன உருவம். நெல்லூர்ப் பக்கம். தமிழ் வேலைக்கு வந்து கற்றுக்கொண்டது.

"ஒரு வண்டிக்கு எத்தனையோ அத்தனைதான். மேல ஒண்ணு கூட வத்து."

"எடம் இருக்குதே?"

"எடம்தான் சேப்டி. இது தனித்தனியா இருந்தா சாது. ஒண்ணுகிட்ட ஒண்ணு வந்தா, ஒண்ண ஒண்ணு கெளப்பும். இந்தக் கூண்டு திருட்டுக்குப் போட்டது இல்ல. தள்ளி வெக்கறதுக்குப் போட்டது."

வேலூர்க்காரர் என்னைப் பார்த்தார். "நம்ம வூட்டு அண்ணன் தம்பிங்க மாரி. தனித்தனியா இருந்தா தங்கம். ஒரே கூரைக்குக் கீழ வெச்சா சட்டி பானை பறக்கும்."

போலீஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாற்று வண்டி வர வேண்டும். வர மாலை ஆகும். சரி, என்னையாவது விடுங்கள் என்றேன். மாற்று டிரைவர் சித்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறினால் வந்துவிடுவார். அதுவும் கூடாதாம். வழியில் கை மாற்றக் கூடாது, குறித்த இடத்தில்தான் மாற்ற வேண்டுமாம். மேடத்திடம் காது குத்தைச் சொன்னேன். ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டார். "உங்க தங்கச்சிகிட்ட நான் பேசட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். போலீஸ்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நுவ்வு போ அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார். பஸ் ஒன்று வந்தது. திருப்பதி போர்டு. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். நான் ஏறவில்லை. ஏறினால் வேலை போயிருக்கும், அது ஒரு பக்கம். வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய் எனக்குப் பழக்கமில்லை. என்னை நினைத்தும் எரிச்சலாக இருந்தது.

தங்கச்சி போன் மேல் போன்.

"எங்க கீற?"

"குடிபாலா."

"இன்னுமா? ஆசாரி எழுந்து போறேங்கறாரு. எங்க ஊட்டுக்காரரு பக்கத்து ஆளுங்க சிரிக்கிறாங்க. வேற வண்டியில சரக்க ஏத்திட்டு வர வேண்டிதுதானே?"

"ஏத்தக் கூடாதாம்."

"எடம் இல்லியா?"

"இருக்குது."

"இருக்குதா? ண்ணா, வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடு."

போனை வைத்துவிட்டாள். மேடம் பின்பலகையில் உட்கார்ந்தபடியே டப்பாவைத் திறந்து தயிர் சாதம் தின்றார். பாதியை மூடியில் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. வேலூர்க்காரர் வாங்கிக்கொண்டார்.

மாலையில் மாற்று வண்டி வந்தது. மேடம் ஒவ்வொரு கூண்டாகத் தொட்டுப் பார்த்து, இடைவெளி விட்டு இறக்கி, இடைவெளி விட்டு ஏற்றினார். சூப்பர்வைசர் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தூரில் ஒப்படைத்துவிட்டுத் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

நேரம் தவறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, குழந்தையை மாப்பிள்ளையின் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தியிருந்தார்கள். வலது காது மட்டும். இரண்டாவது காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். ஒற்றைக் காதோடு நிறுத்தக் கூடாது என்று மாமியார் கத்தியிருக்கிறார். "இந்தக் காது எங்க அண்ணனுக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசாரியை அதுவரை காக்க வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உட்கார்ந்தேன். குழந்தைக்கு இப்போது விஷயம் தெரியும். ஊசியைப் பார்த்ததும் என் கையைக் கடித்து, தலையைத் திருப்பிக்கொண்டது. இடது காதில் ஓட்டை மேலே ஏறிவிட்டது. தங்கச்சி சோறு போட்டாள்.

அந்த வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. இப்போது சித்தூரில் மாங்கூழ் ஓட்டுகிறேன். நீல பீப்பாய்கள், விளிம்போடு விளிம்பு இடிக்க நிற்கும். லோடு ஆட்கள், "இன்னும் நாலு சொருவலாம் அண்ணா" என்பார்கள். சொருகுவார்கள். என் கண் மட்டும் நடுவில் இடைவெளி தேடும். மேடம் சொன்னது சரிதான். அன்றைக்கே தெரியும். சரியாகச் சொன்னவர்மேல் எரிச்சல் வரக்கூடாது என்று ஒன்றும் இல்லை. இன்னும் வருகிறது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கம்மல் போட்டால் ஒன்று மேலே, ஒன்று கீழே. போன வாரம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, நீ மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா ரெண்டும் சமமா இருந்திருக்கும்."

"வண்டி படுத்துடுச்சும்மா."

"பின்னாடி இன்னொரு லாரி நின்னுக்கினு இருந்துச்சாமே. அதுல எவ்ளோ புடிக்கும்?"

"நாப்பது பீப்பா."

"எவ்ளோ ஏத்தி இருந்தீங்க?"

மஞ்சள் கூண்டுகள் கண்ணில் வந்தன. நடுவில் காலி இடம். பின்பலகையில் மேடம்.

"ஆறு."