கணக்கு வாத்தியார் ஞானோபதேசம் படித்த கதை

எட்டு வயதில் நான், கிறிஸ்தவக் கோயிலில் பெரியவர்களுக்கு வேதபாடம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்புக்குப் போனேன். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமையில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு வரைக்கும், ஒரு வாரம் தவறாமல். என் வாழ்க்கையில் ஒருநாள்கூட மட்டம் போடாமல் முடித்த ஒரே படிப்பு அதுதான். அதிலும் என் பெயர் பதிவில் கிடையாது.

பதிவில் இருந்தது அப்பாவின் பெயர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அப்பா கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். மீதிப் பேரை அது வராததற்காக முட்டி போட வைத்தவர். அப்படிப்பட்டவர் கையில் புத்தகத்தோடு படிக்கப் போனால் கடைத்தெரு என்ன பேசும்? அதனால் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். பார்த்தவர்கள், வாத்தியார் மகளைச் சண்டே ஸ்கூலில் விடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்ன சண்டே ஸ்கூல் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாடம் எனக்குத்தான், அப்பா துணைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று பல வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனது லுத்தரன் சபையின் கோயிலுக்கு. ஊர் அதை மாதா கோயில் என்றே சொல்லும். உள்ளே மாதா கிடையாது என்று அம்மா வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார்கள். அங்கே குருவானவரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம். இது அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று. களத்தில் சம்பா நெல் கிடக்கும்போது வாராவாரம் எங்கே காணாமல் போகிறாய் என்று பெரியப்பா கேட்டதற்கு, ஐயரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தம்பிக்கு இப்போதாவது ஜாதகம் பார்க்கத் தோன்றியதே என்று சந்தோஷப்பட்டாராம்.

அம்மா அந்தக் கோயிலில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவோடு ரிஜிஸ்டர் கல்யாணம். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சபையில் அப்போது ஒரு ஒழுங்கு இருந்தது. அவர்கள் ஆராதனைக்கு வரலாம், பாடலாம், காணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் போகக்கூடாது. அம்மா இதை அப்பாவிடம் சொல்லவே இல்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது.

முந்தைய கிறிஸ்துமஸ் அன்று நல்ல மழை. பேப்பர் நனையவே அப்பா உள்ளே வந்து கடைசித் தூணருகில் நின்றார். பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் எழுந்து பலிபீடத்துக்குப் போனார்கள். எங்கள் பெஞ்சின் முறை வந்தபோது அம்மா மட்டும் எழாமல், முழங்காலைப் பக்கவாட்டில் ஒடுக்கி எல்லோருக்கும் வழிவிட்டாள். அவர்கள் திரும்பி வந்தபோது மறுபடி ஒடுக்கினாள். எனக்கு அது பழகிப்போன காட்சி. எனக்குப் பாகற்காய் பிடிக்காத மாதிரி அம்மாவுக்கு அது பிடிக்காது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் நீ போகவில்லை என்று கேட்டார்.

“எனக்குக் கிடையாதுங்க அது” என்றாள் அம்மா, ரேஷனில் இந்த மாதம் சர்க்கரை வரவில்லை என்பதுபோல.

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்க கேக்கலியே என்றாள். கணவனும் வகுப்பில் சேர்ந்து, சபை நடுவே கேள்விக்குப் பதில் சொல்லி, ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் இருவரையும் சேர்த்தே திருவிருந்துக்கு அனுமதிப்பார்கள் என்று அப்பா தாமாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டார். பொங்கல் கழிந்ததும் என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்தார்.

வகுப்பு நடந்தது சண்டே ஸ்கூல் அறையில். பெஞ்சுகள் குழந்தைகளுக்காக அடித்தவை. அப்பா உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். இப்போது தஞ்சாவூரில் எங்கள் சபை இதே வகுப்பைக் கைப்பேசியில் நடத்துகிறது. வீடியோவை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கலாம். அப்படி நறுக்கிக்கொண்டே ரட்சிப்பைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவரோடு படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, ஈஸ்டர் கழிந்து கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண். இன்னொன்று, ரைஸ்மில் லாரி டிரைவர். சின்ன வயதில் இந்த வகுப்பிலிருந்து சுவரேறிக் குதித்து ஓடியவர், மகள் கல்யாணத்துக்குள் விட்டதைப் பிடித்துவிட வந்திருந்தார். பாதி வகுப்பில் தூங்கிவிடுவார்.

புதிதாக வந்திருந்த ஐயர் இளைஞர். அப்பாவிடம் படித்தவர். படித்தவர் என்பதைவிடப் பெயிலானவர் என்பதே பொருத்தம். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக் கணக்கில் அவருக்கு முப்பத்துநான்கு. இன்னும் ஒரு மார்க் போட்டிருந்தால் பாஸ். அப்பா போடவில்லை. முதல் வகுப்பிலேயே ஐயர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா சிரிக்காமல், போட்டிருந்தால் அது என் மார்க்காகத்தானே இருந்திருக்கும் என்றார்.

ஐயருக்குச் சிக்கல் இல்லை. சார், சார் என்றே கூப்பிட்டார். அப்பா பாடுதான் திண்டாட்டம். டேய் என்று அழைத்த பையனை நீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கி போட்டவரை நீ என்று சொல்லவும் மனம் வரவில்லை. எதிரில் ஆளே இல்லாத மாதிரி பேசக் கற்றுக்கொண்டார். பாடம் ஆரம்பிக்கலாமா, சந்தேகம் ஒன்று கேட்கலாமா, விளக்கை ஏற்றினால் தேவலை என்று ரேடியோ அறிவிப்பு மாதிரி போகும் அவருடைய பேச்சு.

சந்தேகங்களுக்குக் குறைவில்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவதும் பத்தாவதும் அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்படாதே என்றுதான் சொல்கின்றன, ஒரே கணக்கை எதற்கு இரண்டு தடவை போடவேண்டும் என்று கேட்டார். மனுஷன் ஒரு தடவை சொன்னால் கேட்கிறதில்லையே சார் என்றார் ஐயர். டிரைவர் கண்ணைத் திறக்காமலே, அது வாஸ்தவம்தான் என்றார். ஞானஸ்நானத்தில் பெயரை மாற்றவேண்டுமா என்று ஒரு வாரம். வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அப்பா நிம்மதியானார். கல்வித்துறைக்கு எழுதிப்போட்டுப் பெயர் மாற்றுவதற்குள் நித்திய வாழ்வே வந்துவிடும்.

பெரிய தகராறு ஒன்றே ஒன்றுதான். மனுஷன் தன் யோக்கியதையால் கடவுளிடம் பாஸ் பண்ண முடியாது, அவராகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதுதான் என்பது லுத்தரன்களின் அஸ்திவாரம். அப்பாவுக்கு இது சுத்தமாக ஏறவில்லை. எழுதாத விடைக்கு மார்க்கா? அப்படியானால் உட்கார்ந்து படித்தவன் இளிச்சவாயனா? ஐயர் நாலு விதமாக விளக்கிப் பார்த்தார். சும்மா மார்க் போடுகிற வாத்தியாரை நான் மதிக்கிறதில்லை என்று அப்பா முடித்துவிட்டார். அன்றைக்கு வகுப்பு சீக்கிரம் கலைந்தது.

இதற்கு மேல், அப்பாவுக்கு மனப்பாடம் வராது. வாழ்நாள் முழுக்க, புரிந்தால் போதும், உருப்போடாதே என்று சொன்னவர். இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் அச்சடித்த பதில். வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கவேண்டும். ஷேவ் செய்துகொண்டே ஒப்பிப்பார்; பாதியில் நிற்பார். அம்மாவுக்குப் புத்தகம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் சமையலறையிலிருந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க அனுமதி கிடையாது. எடுத்துக் கொடுத்தால் காப்பியடித்ததாகிவிடும். அம்மா கரண்டியைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கோ ஒவ்வொரு பதிலும் அத்துப்படி. அர்த்தம் எதற்கும் தெரியாது, அதனால் சுலபமாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. கணக்கு சார் பரீட்சை எழுதுகிறார் என்ற சேதி பரவி, கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் முன்வரிசைகளில் அப்பாவிடம் கணக்கும் சின்ன வயதிலேயே ஞானோபதேசமும் படித்தவர்கள்: பாங்க் கிளார்க், பஸ் கண்டக்டர், உரக்கடைக்காரர். நான் பெண்கள் பக்கத்தில் குருத்தோலையோடு அம்மா அருகில். அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாள். அதன் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

கல்யாணப் பெண் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். டிரைவர் பாதிதான் சொன்னார். மீதிக்கு உரக்க ஆமென் போட்டார். அடுத்து அப்பா. ஐயர் கேட்ட கேள்வி விசுவாசம் எப்படி வருகிறது என்பது. மனுஷனுடைய புத்தியாலும் முயற்சியாலும் அது வராது என்ற கருத்தில் போகும் பதில். அப்பா வாயைத் திறந்தார். மூடினார்.

நான் கையைத் தூக்கினேன். அம்மா என் கையைக் கீழே இறக்கி, நான் கத்திவிடுவேன் என்று தெரிந்து வாயையும் பொத்தினாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. பதிலின் முதல் வார்த்தை. பிறகு இன்னொரு குரலில் இரண்டாவது. அப்புறம் வரிசையே சேர்ந்து அடிக்குரலில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா சட்டென்று திரும்பினார்.

“யார்ரா அது?”

முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. பாங்க் கிளார்க், கண்டக்டர், உரக்கடைக்காரர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அப்பா ஐயர் பக்கம் திரும்பினார். “காதுல விழுந்துருச்சு. இனிமே நான் சொன்னா அது என் பதில் இல்ல. என்னால முடியலன்னு போட்டுக்கலாம்.”

அம்மாவின் கை என் வாயிலிருந்து தளர்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐயர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். “என்னால முடியலன்னு சொன்னீங்கல்ல சார், அதுதான் பதில். புஸ்தகத்துல இருக்கிறதெல்லாம் அதுக்கு விளக்கம்.”

“இது சும்மா மார்க்” என்றார் அப்பா. மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

“ஆமா சார். இங்க எல்லாருக்குமே அதுதான். முழங்கால் போடுங்க.”

அப்பா போடவில்லை. அப்படியே நின்றார். மறுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் முகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பிறகு தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தார், என்னை அல்ல. அம்மா நிமிரவில்லை. அவள் உச்சி வகிட்டைத்தான் அவர் பார்த்திருக்க முடியும்.

“சரி, நீங்க சொன்னா சரி” என்று ஐயரிடம் சொல்லிவிட்டு முழங்காலில் இறங்கினார்.

அவர் தலையில் தண்ணீர் விழுந்தது. பாட்டு பாடினார்கள். திருவிருந்துக்கு எங்கள் பெஞ்சு எழுந்தபோது அம்மாவும் எழுந்தாள். பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி வழக்கம்போலத் தாண்டிப்போகப் புடவையைத் தூக்கியவள், அப்படியே நின்று அம்மாவை முன்னால் போகவிட்டாள். நான் சின்னப் பிள்ளை, எனக்கு அனுமதி இல்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தேன். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தார்கள். ஐயர் ஒரு வெள்ளை அப்பத்தைக் கொடுத்தார். பிறகு கிண்ணத்தைச் சாய்த்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு கை கொடுத்தார்கள். நானும் அம்மாவும் வெளியே சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றோம். எனக்குப் பெரிய மனக்குறை. அந்த அப்பம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். எட்டணாக் காசு அளவுகூட இல்லை. திராட்சரசமாவது எவ்வளவு என்றேன். உதடு நனையும் அளவு.

“இத்துனூண்டுக்காம்மா இத்தனை மாசம் படிச்சாரு? ரொட்டிக்கடையில கேட்டிருந்தா முழு பன்னே குடுத்திருப்பானே” என்றேன்.

அம்மா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கோயில் வளாகத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பித்துவிடும்.

நான் பிரமாதமான ஜோக் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. நகைச்சுவை எழுதிப் பிழைக்கலாம் என்ற தப்பான நம்பிக்கை எனக்கு வந்தது அந்த நிமிஷத்தில்தான். அன்று மத்தியானமே அதைப் பக்கத்து வீட்டில் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியாக அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவும் சிரிக்கவில்லை. “அம்மா சிரிச்சாளா?” என்று கேட்டார்.

ஆமாம், ரொம்ப நேரம் என்றேன். எப்படிச் சிரித்தாள் என்றார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்றேன். அப்பா தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை சொல்லு பாப்பா, முதல்லேர்ந்து சொல்லு என்றார். சொன்னேன். முடித்ததும் மறுபடியும் கேட்டார்.

கணக்கு வாத்தியார்களுக்கு ஜோக் புரியாது என்று நினைத்துக்கொண்டு, ரொட்டி என்பது என்ன, பன் என்பது என்ன என்று பொறுமையாக அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.