வெள்ளை பேனர்

சுகப்பிரியா வடமதுரையிலிருந்து தினமும் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கிராபிக் டிசைன் படிக்கிறாள். சேர வேண்டாம் என்ற அப்பாவிடம் அவளுக்காகச் சண்டை போட்டவன் அண்ணன் தவசி ஒருவன்தான்.

அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது. பேனரை அவளே வடிவமைத்தாள். எங்கள் பக்கம் பேனர் என்றால் சொந்தக்காரர்களின் முகங்களால் மூச்சு முட்டும். தாய்மாமன் முகம் பிள்ளையின் முகத்துக்குச் சமமாக நிற்கும். வகுப்பிலோ ஒரே முகம், சுற்றிலும் வெற்றிடம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தாள். ஓரத்தில் பிள்ளை, மீதியெல்லாம் வெள்ளை. பாவி, அழகாகத்தான் இருந்தது.

தாய்மாமன் தவசி சீர்த்தட்டோடு மண்டப வாசலுக்கு வந்தான். பேனரைப் பார்த்தவர்கள் அவனிடமே கேட்டார்கள்: "என்னப்பு, அக்கா வீட்டோட பேச்சுவார்த்தை இல்லையா?"

தட்டைப் படியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை, யார் மடியிலோ காது குத்திக்கொண்டு வீறிட்டது.

"சார் அப்படித்தாம்மா சொல்லிக்குடுத்தாரு" என்றாள் சுகப்பிரியா.

அம்மா பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே. எம்மவனுக்கு இதுல எடமில்லையாடி?"