இத்தாவில் ஆடிய கொக்கான்

கொக்கான் கல் புறங்கையில் விழும்போது நடுவிரல் எலும்பின் மேட்டில் மோதினால், முழங்கை வரைக்கும் சுள்ளென்று ஒரு வலி ஓடும். அந்த வலியை நான் மறந்தே போயிருந்தேன். அறுபத்து நான்கு வருடங்கள் கழித்து, போன வருடம், என் எழுபத்து நான்காவது வயதில் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது. முப்பத்தெட்டு நாட்கள் இருந்தது. பிறகு என்னாலேயே போய்விட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து கற்களைத் தரையில் விசிறி, ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் மற்றவற்றை முதலில் ஒன்றொன்றாக, பிறகு இரண்டிரண்டாக என்று அள்ளிக்கொண்டு போக வேண்டும். முடிவில் ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்த வேண்டும். எத்தனை கல் கையில் நிற்கிறதோ அத்தனை புள்ளி. எங்கள் கல்முனைப் பக்கத்தில் இதைப் பெண்பிள்ளைகள்தான் ஆடுவார்கள். ஆனால் எனக்கு ஆண்பிள்ளைகளோடு ஓடும் பலம் இல்லை. எண்ணும் ஆசை மட்டும் நிறைய இருந்தது. ஆகவே என்னை விட இரண்டு வயது மூத்த என் அக்கா, ராத்தாவோடு கொக்கான் ஆடினேன். அவருடைய புள்ளிகளையும் என்னுடைய புள்ளிகளையும் நானே எண்ணினேன். நான் தோற்கும்போது எண்ணிக்கை கொஞ்சம் தடுமாறும்; ஆட்டத்தில் ஏமாற்றுவதை எங்கள் பக்கத்தில் அளாப்புவது என்பார்கள். "அளாப்பி, அளாப்பி!" என்று ராத்தா கத்துவார், கத்திவிட்டுச் சிரிப்பார். அவர் சிரித்தால் நாலு வீட்டு வளவுக்குக் கேட்கும்.

பன்னிரண்டு வயதில் ராத்தா பெரியபிள்ளை ஆனார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது, வாசலுக்கு வருவது நின்றது, கொக்கானும் நிற்க வேண்டும் என்றானது. "வளந்த குமரு சிரிக்கிற சத்தம் றோட்டுக்குக் கேக்கலாமா?" என்று உம்மா ஒரு நாளைக்கு ஐந்து தரமாவது சொல்லுவார். ஆனாலும் உம்மா பின்னேரம் அசர் தொழப் போகும் நேரத்தில், சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த பத்தடி மணலில், ராத்தா என்னைக் கூப்பிட்டு வைத்துக் கள்ளமாக ஆடினார். சத்தம் வராமலிருக்கத் தாவணியின் தலைப்பை வாயில் கடித்துக்கொள்வார்.

ஒருநாள் நான் பதினேழு புள்ளிகளால் தோற்றேன். "போடா, எண்ணத்தான் நீ லாயக்கு" என்றார். அவ்வளவுதான். நான் நேரே வாப்பாவிடம் போய், "ராத்தா பின்னுக்குக் கொக்கான் ஆடுறா" என்று சொல்லிவிட்டேன்.

வாப்பா அடிக்கவில்லை. ராத்தாவின் கையை விரித்து, ஐந்து கற்களையும் எடுத்து, ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் எறிந்தார். நான் ஐந்து வரைக்கும் எண்ணினேன். ஒன்பது நாட்கள் ராத்தா என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் கதைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையில் நான் கல்லைக் காணவில்லை. அவருக்குக் கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன. நான் கணக்கு வாத்தியாராகி, ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குப் போய், ஓய்வும் பெற்றேன்.

போன வருடம் ராத்தாவின் கணவர், என் மச்சான், மௌத்தானார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் ராத்தா இருந்தார். வெளி ஆண்கள் பார்க்க முடியாது. நான் கூடப்பிறந்தவன் என்பதால் போகலாம். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடை. தினமும் அசருக்குப் பிறகு போனேன். போய் என்ன செய்வது? அவர் முட்டுவலியைச் சொல்லுவார், நான் என் பிரஷர் கணக்கைச் சொல்லுவேன், பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நாள் நான் உள்ளே போனபோது, மேசையில் இருந்த பூச்சாடியை ராத்தா கிளறிக்கொண்டிருந்தார். அவர் மகள் அலங்காரத்துக்காகக் கடையில் வாங்கிப் போட்ட வெள்ளைக் கற்கள் அதில் இருந்தன. ஐந்தைப் பொறுக்கி என் முன்னால் வைத்தார்.

"ஏலுமா ஒனக்கு?"

"ராத்தா, இந்த வயசிலயா?"

"வயசு கைக்குத்தானே. போடு பாப்பம்."

இரண்டு பேருக்கும் முழங்கால் மடங்காது. ஆகவே மேசையிலேயே ஆடினோம். கல் உருண்டு தரையில் விழும், குனிந்து எடுக்க ஐந்து நிமிடம் போகும், அதற்குள் யாருடைய முறை என்று மறந்துவிடும். நான் தாளில் எழுதி வைத்தேன். பெரியவர்களும் விளையாட வேண்டும் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். வாசித்து நான் முகம் சுளித்ததுண்டு. ஆனால் அந்த மேசையில் என் கை நடுங்குவதை நிறுத்தியதை நானே பார்த்தேன். ராத்தாவோ பல்லில்லாத வாயைத் திறந்து, அதே நாலு வளவுச் சிரிப்பைச் சிரித்தார். நூற்று இருபத்தைந்து ஆட்டங்களில் அவர் வென்றது தொண்ணூற்றொன்று. "இன்னமும் அளாப்புறான் பாரு!" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஐம்பத்தேழாம் நாள், தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது, என்னிடம் படித்த ஒருவன் கேட்டான்: "என்ன சேர், மௌத்து ஊடு கலகலப்பா இரிக்காம்?"

கடையில் இருந்தவர்களில் மூன்று பேர் சிரித்தார்கள். ராத்தா வீட்டுக்குள் போகும்போது என் முகம் கொதித்தது. அவர் கற்களோடு காத்திருந்தார்.

"ராத்தா, இத்தாவில இரிக்கிற மனிசி சிரிக்கிற சத்தம் றோட்டுக்குக் கேக்கலாமா?" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு விளங்கியது. ராத்தா ஐந்து கற்களையும் பூச்சாடிக்குள் திரும்பப் போட்டு, தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் வயதில் எனக்கு மகன் மாதிரி. "இத்தாவில அலங்காரம் கூடா, தேவையில்லாம வெளிய போகக் கூடா. தம்பியோட கல்லு வெளையாடக் கூடாண்டு எந்தக் கிதாபில சேர் இரிக்கி?" என்று சிரித்தார். கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டுக் கேட்டவன்.

அன்று நானூற்றுப் பன்னிரண்டு எட்டையும் ஓடாத குறையாக நடந்தேன். "ராத்தா, வெளையாடலாமாம்! மௌலவியே சொல்லிட்டார்" என்றேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேணாம் தம்பி. மச்சான் போன பொறகு, இந்த ஒரு மாசமாத்தான் நான் சின்னப்பிள்ளையா இருந்தன். பூச்சாடியில கை வைக்கக்குள்ள இப்ப பயமா இரிக்கி" என்றார். பிறகு, "ரெண்டு தரம் என்னப் பெரியவளாக்கினது நீதான்" என்றார்.

மிச்ச நாட்களும் போனேன். முட்டுவலி, பிரஷர், சுவர். பிறைக் கணக்கில் இத்தா முடிந்தது. இப்போது அவர் கல்யாண வீடுகளுக்குப் போகிறார், சம்மாந்துறையில் மூத்த மகள் வீட்டில் பாதி நாள் தங்குகிறார். என்னைக் கண்டால் அன்பாகத்தான் கதைக்கிறார். மெதுவாகக் கதைக்கிறார்.

குசினிக்குப் பின்னாலிருந்த அந்தப் பத்தடி மணலும் எங்கள் பழைய வீடும் சுனாமியில் கடல் வந்தபோது போய்விட்டன. அதற்கு நான் பொறுப்பில்லை. மற்றதற்கு நான்தான்.

நானும் கடையில் ஐந்து வெள்ளைக் கற்கள் வாங்கி வைத்திருக்கிறேன். அசருக்குப் பிறகு என் மேசையில் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். மூன்றுக்கு மேல் புறங்கையில் நிற்பதில்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆடுகிறேன், யாருக்காவது சத்தம் கேட்டுவிடும் என்று.