பதினோரு வருடம் தப்பாக நடத்திய வரி

எம்.ஏ. இறுதியாண்டில் நவீன அமெரிக்க நாடகம் என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. பதினோரு வருடமாக நான்தான் நடத்துகிறேன். போன குளிர்காலத்தில் துறைத்தலைவி என்னை அழைத்து, எட்டே பேருக்காக ஒரு பேப்பரைத் தொடரத்தான் வேண்டுமா என்று யோசிப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காருவாராம், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பாடம் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது முதலாமாண்டு ஆங்கில இலக்கணம்தான். வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பாடத்தில் உள்ள ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி. சமையலறையில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். வளர்ந்த மகன் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "ஐ ஆம் கோயிங்" என்கிறான். மூன்றே சொற்கள். வருடா வருடம் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, புத்தகத்தை மூடி, ஜன்னலைப் பார்ப்பேன். பிறகு, திரும்பி வருவேன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு மகன் தாயின் உறவை அறுத்துக்கொண்டு போகிறான் என்பேன். இரண்டு பேராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் அலாதி திருப்தி.

அந்த விளக்கத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. வங்காளிகளுக்கு நடுவே தமிழர்கள் குடியேறிய லேக் மார்க்கெட் பேட்டையில் எங்கள் வீட்டில், கொத்தமல்லி வாங்கக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால்கூட அம்மா மாடிப்படியிலிருந்து திரும்பக் கூப்பிடுவாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சொல்ல வைத்துத்தான் விடுவாள். பக்கத்து வங்காளி வீடுகளிலும் இதே கதை. கிளம்புகிறவர் "ஆஷி", அதாவது "வருகிறேன்" என்பார். "போகிறேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆக, நானும் என் மாணவர்களும் அவரவர் வீட்டுப் பழக்கத்தை வைத்து, அந்தப் பையன் கல்நெஞ்சக்காரன் என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். இல்லை என்று சொல்ல அறையில் ஓர் அமெரிக்கர்கூட இல்லை.

திங்கட்கிழமை துறைத்தலைவி நோட்டுப் புத்தகத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன், புத்தகத்தை மூடினேன், ஜன்னலைப் பார்த்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கைக்குட்டையை எடுத்தான். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தபோது இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

அவள் லேக் மார்க்கெட்டில் பலகாரக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். ஓர் அலுவலகத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்லும் வேலையும் பார்க்கிறாள். வங்காளி சரளமாக வரும், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். வகுப்பில் ஆங்கிலம்தான் பேசுவாள். அன்று தமிழ் தெரியாத தலைவி முன்னால் என் மானம் போகக் கூடாது என்று தமிழுக்குத் தாவிவிட்டாள்; 'அதாவது' என்பதற்கு மட்டும் வங்காளி 'மானே'தான் வந்தது.

"மேம், மானே... அமெரிக்கக்காரங்க தினம் அப்படித்தான் சொல்வாங்க. ஃபோன வைக்கிறப்பல்லாம் 'சரி, நான் போறேன்'னுதான் சொல்றாங்க. அதுல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல மேம்."

"என்ன சொல்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் தலைவி.

தலைவலி, வெளியே போக அனுமதி கேட்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றுமில்லாத ஒரு சொல்லுக்காகப் பதினோரு வருடம் பிள்ளைகளை அழவைத்திருக்கிறேன்.

கைக்குட்டைக்காரனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்படின்னா அந்த அம்மா என்ன செய்யறா?" என்று கேட்டான். மறுபடி புத்தகத்தைத் திறந்தோம். அவள் அழவில்லை. "கோட்டை எடுத்துக்கொள், வெளியே குளிர்" என்கிறாள், துணியை மடிக்கிறாள், அவ்வளவுதான். திரை விழுவதற்குள் கண்ணீர் வரவழைக்கும் அவசரத்தில் அந்த வரியை நான் ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை.

"அதுதான் மேம் 'போயிட்டு வா'" என்றாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டை எடுத்தானா, எடுக்காமல் போனானா என்று வங்காளியிலும் ஆங்கிலத்திலும் சண்டை மூண்டது. நான் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வகுப்பு நடத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டு எனக்கு நினைவில்லை, அன்று நான் நடத்தவே இல்லை என்றாலும்.

தாழ்வாரத்தில் தலைவி என்னோடு சேர்ந்து நடந்தார். அவருடைய நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன். பேப்பர் போயிற்று என்றே நினைத்தேன்.

"என் பையன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினப்ப, ஏர்போர்ட்ல 'கோயிங், மா'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம போயிட்டான்" என்றார் வங்காளியில். "ரெண்டு வருஷமா அது உறுத்திட்டே இருக்கு. போறதுக்கு முன்னாடி, என் கைப்பை திறந்திருக்குன்னு ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். அது எனக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்தது."

டீ குடிக்கலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பேப்பர் இருக்கட்டும்" என்றார். "அடுத்த வருஷமாவது சரியா நடத்துங்க."