லேபிள் சேர்த்து விமானம் ஏற நினைத்த ராவுத்தர்

1. மொட்டை டின்

"இது என்னா பாலு நானா? மொட்டை டின்னுல ஊத்திக் குடுக்கிறீங்க! எனக்கு வேணாம்."

லோரி ஓட்டுநர் முனியாண்டி, கயிறு கட்டிய கோப்பி டின்னை மேசைமீது வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் சாகுல் ராவுத்தரின் கோப்பிக் கடைக்குள் நான் நுழைந்த நேரம் அது.

அந்நாளில் கோப்பியை வெளியே வாங்கிச் செல்வோருக்கு, காலியான பால் டின்னில் ஊற்றிக் கயிறு கோத்துக் கொடுப்பது வழக்கம். டின்னைச் சுற்றியிருந்த லேபிளே கடைக்கு நற்சான்று. நல்ல பால்தான் கலக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அந்த லேபிள்களைத்தான் ராவுத்தர் உரித்துக்கொண்டிருந்தார். காரணம் எங்கள் நிறுவனம்.

மலாயாவின் விடுதலை நாளான மெர்டேக்காவுக்குச் சில மாதங்களே இருந்தன. அந்தப் பாலை மலாக்கா வட்டாரத்துக்கு வழங்கிய ஏஜென்சியில் நான் கிராணி, அதாவது எழுத்தர். கல்லூரிப் படிப்பை முறையாக முடித்தவன். என் சொல்லை நம்பிக் கடைக்காரர்கள் முடிவெடுத்தார்கள். ஆகவே சொல்லை அளந்தே பேசுவேன். லேபிள்களைக் கொண்டுவந்து கொடுத்தால் கூப்பன் தருவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. கூப்பனுக்குச் சுவர்க்கடிகாரமோ தையல் மெஷினோ பெறலாம். அல்லது அதை விமானக் கூப்பனாக மாற்றி, பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து திரும்பலாம். ஒருமுறை மாற்றிவிட்டால் மீண்டும் பொருள் கேட்க இயலாது. ஓராண்டுக்குள் பறக்காவிட்டால் கூப்பன் செல்லாது.

தையல் மெஷினுக்குப் போதுமான கூப்பன் ராவுத்தரிடம் முன்பே சேர்ந்திருந்தது. விமானத்துக்குத்தான் போதவில்லை.

2. மாற்றுவதா, வேண்டாமா

அன்று காலையில்தான் எங்கள் பெரிய கிராணி என்னை அழைத்துச் சொல்லியிருந்தார்: "மெஷின் ஸ்டாக் கம்மியா இருக்குய்யா. எல்லாரையும் ஏரோப்பிளேன்ல ஏத்தி விடும்!"

ராவுத்தர் எனக்கு வேலை வைக்காமல் தாமே ஏறத் தயாராக இருந்தார்.

"வாங்க கிராணி. இருக்கிறதை எல்லாம் ஏரோப்பிளேன் கூப்பனா மாத்திருங்க. மிச்ச லேபிளை மெர்டேக்காவுக்குள்ள உரிச்சிருவேன்."

"மாத்தினா திரும்ப மெஷின் கேக்க முடியாது, நானா. முனியாண்டி வேற எதிர்க்கடைக்குப் போறாரு."

"போகட்டும். நான் மேல பறக்கிறப்ப அவன் கீழ நின்னு அண்ணாந்து பாக்கட்டும்!"

உள்ளே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹவ்வா பீவியின் குரல் வந்தது.

"காலையிலேருந்து எத்தனை பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க! நீங்க பறக்கிறதுக்குள்ள கடை பறந்துரும்."

அவர் அக்கம்பக்கத்தாருக்குக் கையால் தைத்துக் கொடுப்பவர். திரையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில மெர்டேக்காவுக்குக் கொடி தைக்க ஆள் தேடுறாங்க. மெஷின் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

"கொடி வேலை மெர்டேக்காவோட முடிஞ்சிரும். அப்புறம்?" என்றார் ராவுத்தர்.

"அப்புறம் பாஜூ சட்டை, ஜன்னல் திரை, தலையணை உறை. அதை விடுங்க. நீங்க சிங்கப்பூர் போயி என்னா செய்வீங்க?"

ராவுத்தர் யோசித்தார். "திரும்பி வருவேன்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆயினும் கூப்பன் கட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க, கிராணி."

பெரிய கிராணியின் உத்தரவு என் காதில் இருந்தது. அதைவிட என் பெயர் எனக்குப் பெரிது.

"கூப்பனை மறந்துருங்க, நானா. அதே மதிப்புக்குக் கையில காசு இருந்தா, ஏரோப்பிளேன் டிக்கெட் வாங்குவீங்களா, மெஷின் வாங்குவீங்களா?"

"காசா இருந்தா ரெண்டும் வாங்க மாட்டேன். கூரையில ஓட்டையை அடைப்பேன்!"

"கூப்பனுக்குக் கூரை குடுக்க மாட்டாங்க," என்றார் ஹவ்வா பீவி. "மெஷின் குடுப்பாங்க."

ராவுத்தர் எதிர்க்கடையைப் பார்த்தார். முனியாண்டி அங்கே காலை நீட்டி உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மெஷினையே எழுதுங்க," என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர்போல.

3. பிறகு

லேபிள்கள் டின்னிலேயே தங்கின. முனியாண்டி திரும்பி வந்தார். பெரிய கிராணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"உம்ம வட்டாரத்துல ஒருத்தர்கூட ஏறலையாமே?"

"கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன், ஐயா. நாளை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்," என்றேன்.

ஹவ்வா பீவியின் மெஷின் மெர்டேக்கா வரை ஓயவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிக் கோடுகள் கடை மேசைகளிலெல்லாம் கிடந்தன. கோப்பிக்கு இடம் கேட்டவர்களை, "கொடி மேல ஊத்திடாதீங்க!" என்று ராவுத்தரே அதட்டினார். கொண்டாட்டம் முடிந்ததும் அந்த அம்மையார் கூலிப்பணத்தைக் கணவர் முன் வைத்து, "போயி ஆசை தீரப் பறந்துட்டு வாங்க," என்றார்.

ராவுத்தர் பத்து பெரெண்டாம் வரை போய், பணத்தோடு திரும்பி வந்தார்.

"லேபிளா இருந்தா ஏறியிருப்பேன் கிராணி. இது அவ கை நோகத் தெச்ச காசு. குடுக்க மனசு வரல."

"அப்ப நான் போறேன்," என்றார் ஹவ்வா பீவி. "சிங்கப்பூர்ல துணி மலிவாம். நானே பாத்து வாங்கணும். மூட்டை தூக்க நீங்களும் வாங்க."

அவ்வாறே இருவரும் பறந்தனர்.

கடன் அட்டையில் சேர்ந்த புள்ளிகளை விமான மைலாக மாற்றலாமா என்று இன்று இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். போகும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று நான் திருப்பிக் கேட்கிறேன். ஹவ்வா பீவிக்குத் துணி வாங்கும் வேலை இருந்தது. ராவுத்தருக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அங்கே வேலை இல்லாதவர்கள் தையல் மெஷினை வாங்கிக்கொள்ளலாம்.